கைப்பேசியைப் பிடுங்க வேண்டாம் தம்பி

ஜொகூர் பாருவில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா பேராக் மாநிலத்தில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் தனியாக இருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி, வயது 68. "அப்பா காலையிலிருந்து ராத்திரி வரை கைப்பேசியோடுதான் இருக்கிறார். உலக அரசியல் எல்லாம் பேசுகிறார். ஆனால் அவருக்கு வரவேண்டிய உதவித்தொகை வந்ததா என்று கேட்டால் தெரியவில்லை. போன மாதம் எதையோ தொட்டு 400 வெள்ளி (ரிங்கிட்) போய்விட்டது. நம் ஊர்ப் பெரியவர்கள் எதைப் படிக்கலாம், எதை நம்பலாம், யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று யார் சொல்லித்தருவது? பேசாமல் கைப்பேசியைப் பிடுங்கிவிடலாமா?"

பிடுங்க வேண்டாம் தம்பி. கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் இந்த ஊரில் 26 ஆண்டுகளாகப் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு தோட்டத்து ஆபீசில் கிராணி (எழுத்தர்) வேலை. அப்பா அம்மா இருவரும் பால் மரம் வெட்டியவர்கள். கடையில் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வங்கிக் கடிதம், கோர்ட்டு நோட்டீஸ் என்று எல்லாம் என் கண்ணாடித் தட்டில்தான் குப்புறப் படுக்கின்றன. நகல் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் "அப்படியே இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்மா" என்பார்கள். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: உங்கள் அப்பாவுக்குச் செய்தி போதும் போதும் என்கிற அளவுக்கு வருகிறது. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து அலசுவதற்குத்தான் ஆள் இல்லாமல் போய்விட்டது. அரசியல், பத்திரிகை, கைப்பேசி, வீட்டுக் காரியம் எதை எடுத்தாலும் நான் பார்க்கிற குறை இந்த ஒன்றுதான்.

அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் எங்கள் தோட்டத்தில் பத்திரிகை எப்படிப் படித்தார்கள் என்று சொல்கிறேன். டவுனிலிருந்து வரும் பஸ்ஸில் தமிழ் நேசன் ஒன்று வரும், கடைக்காரருக்கு. பால் நிறுத்து முடித்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்து, குளித்துவிட்டு ஆம்பிளைகள் எல்லாம் கடை வாசலுக்கு வருவார்கள். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த ஒரு பெரியப்பா பெஞ்சியில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். ஒரு பத்தி படித்ததும் நிறுத்திவிடுவார். "அப்படின்னா என்னாண்ணே?" என்று யாராவது கேட்டாக வேண்டும், அப்புறம்தான் அடுத்த பத்தி. சமையல் கட்டிலிருந்து பெண்கள் குரல் கொடுப்பார்கள், "அந்தப் பெர்மிட்டு விஷயத்த இன்னொரு தரம் படிங்க". தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் வந்தால் சில விஷயங்களைத் தாண்டிவிட்டு விளையாட்டுச் செய்திக்குப் போய்விடுவார்கள். ஒரு பத்திரிகை, நாற்பது குடும்பம்.

அந்தப் பெர்மிட்டு விஷயம் சாதாரண விஷயம் இல்லை. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்று ஆனது. பல்லாயிரம் தோட்டக் குடும்பங்கள் கப்பலேறி இந்தியாவுக்குப் போனது அந்த நேரத்தில்தான். எங்கள் தோட்டத்தில் பெரியப்பா படித்துக் காட்டியதைக் கேட்டு, ஆபீஸ் கிராணியைப் பிடித்து, மனுப் போட்டுக் குடிமக்களுக்கான நீல அட்டை வாங்கியவர்கள் நிறையப் பேர். என் அப்பா அதில் ஒருவர்.

வாங்காதவர் ஒருவர் போன ஆண்டு என் கடைக்கு வந்தார். 78 வயது அக்கா. பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், அங்கேயே மரம் வெட்டியவர், இன்றும் அவர் கையில் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான். அரசாங்கம் 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருக்கும் அடையாள அட்டையிலேயே 100 வெள்ளி போட்டது அல்லவா, அரிசி, எண்ணெய் மாதிரி சாமான் வாங்குவதற்கு? "எல்லாருக்கும்" என்ற சொல் வாட்ஸ்அப்பில் அவருக்கு வந்து சேர்ந்துவிட்டது. "குடிமக்கள்" என்ற சொல் வரவில்லை. அட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்து, "எனக்கு ஏறிடுச்சான்னு பாரும்மா" என்றார். எண்ணைத் தட்டிப் பார்த்தேன். தகுதி இல்லை என்று வந்தது. அவர் அட்டையை மறுபடியும் அதே கைக்குட்டையில், அதே மடிப்பில் சுற்றி எடுத்துக்கொண்டார். "எங்க தோட்டத்துல பேப்பர் வராதும்மா" என்றார். அந்தப் பெர்மிட்டு காலத்தைப் பற்றித்தான் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

இதற்குத்தான் கூடிப் படிப்பது இவ்வளவு முக்கியம் என்று நான் அடித்துச் சொல்கிறேன். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு இன்னொன்றும் நடந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போக, தொழிலாளிகள் சடக்கோரத்தில், அதாவது ரோட்டோரத்தில், நின்றார்கள். துண்டாடல் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்போதுதான் அமைச்சராக இருந்த எங்கள் ஊர்க்காரர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி, தொழிலாளியே தோட்டத்துக்குச் சொந்தக்காரன் ஆகலாம் என்றார். நாள் கூலிக்காரனுக்குப் பத்து வெள்ளி பெரிய காசு. அதை எடுத்துக் கொடுக்க வைத்தது ஒருவர் பேச்சு மட்டும் இல்லை. கூடி உட்கார்ந்து, "காசு போயிடுமா, திரும்ப வருமா, யார் கையெழுத்து" என்று ராத்திரி முழுக்கக் கேள்வி கேட்டு, மனம் ஒப்பித்தான் கொடுத்தார்கள்.

அப்புறம் ரப்பர் போய், எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். குலை வெட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்தார்கள். நம்மவர்கள் தாமான் என்கிற குடியிருப்புப் பேட்டைக்கும் அடுக்குமாடிக்கும் போனார்கள். வீட்டுக்கு வீடு இரும்புக் கதவு. கடை வாசல் பெஞ்சி இல்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை இல்லை, கோயில் திருவிழாவுக்கு மட்டும் பழைய முகங்களைப் பார்க்கலாம். கைப்பேசி வந்தபோது ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் இருந்தார்கள். அதனால் கைப்பேசிமேல் எனக்குக் கோபம் இல்லை.

கோபம் இல்லை என்பதோடு நன்றியும் உண்டு. நம் எழுத்து கணினிக்கு வந்ததில் மலேசியருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற மென்பொருளில்தான் நான் முதன்முதலில் தமிழில் தட்டச்சு செய்தேன். 2005 பொங்கலுக்கு, கைப்பேசியில் தமிழில் எழுத உதவும் அவருடைய செல்லினம் வந்தது. இன்றைக்கு என் கடைக்கு வருகிற பாட்டிகூடப் பேரனுக்குத் தமிழில் "சாப்டியா" என்று அனுப்புகிறார். எழுதத் தெரியாதவர்களுக்குக் குரல் பதிவு இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு வாட்ஸ்அப்பில் உயிர் என்றால் அந்தக் குரல் பதிவுதான்.

ஆனால் தொழில்நுட்பம் மாறும்போது இவர்களை யாரும் கேட்பதில்லை. 2021 டிசம்பர் 31-இல் நாடு முழுக்க 3ஜி சேவையை நிறுத்தினார்கள். அடுத்த வாரமே "இண்டர்நெட் வரல" என்று பழைய போனோடு என் கடை வாசலில் வரிசை. போன் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பழுது பார்க்கக் காசு கொடுத்தவர்களும் உண்டு. செய்தி வந்ததா என்றால் வந்தது, குறுஞ்செய்தியாக, மலாயில், நாலு விளம்பரத்துக்கு நடுவில்.

சரி, உங்கள் அப்பாவின் 400 வெள்ளிக்கு வருகிறேன். அவரைத் திட்டியிருந்தால் முதலில் போய்ச் சமாதானம் ஆகுங்கள். அவமானப்பட்ட பெரியவர் அடுத்த முறை நடந்ததை மறைத்துவிடுவார், அதுதான் பெரிய ஆபத்து. எனக்குத் தெரிந்த ஒரு மாமாவுக்குக் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்தது. தெரிந்த எண்ணிலிருந்து வந்ததால் தொட்டுவிட்டார். அது பத்திரிகை இல்லை, போனுக்குள் இறங்கிக் குறுஞ்செய்திகளைப் படிக்கிற செயலி. அரைமணி நேரத்தில் சேமிப்பில் இருந்த 2,300 வெள்ளி மூன்று தடவையாகப் போய்விட்டது. அவர் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள்தான் என்னிடம் வந்தார். அதற்குள் பணம் எத்தனை கணக்கு தாண்டிப் போயிருக்குமோ.

இந்த மாதிரி நடந்தால் உடனே 997-க்கு அழைக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் மடக்கப் பார்ப்பார்கள். இதில் காலம்தான் எல்லாம். அப்பாவின் போனுக்குப் பின்னால் ஒரு துண்டுத்தாளில் 997 என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை படமாக வரும், இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து கொடுப்பார்கள், அதை நிறுவச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள் என்று ஒரு முறை காட்டிக்கொடுங்கள். அடையாள அட்டை நகல் யாருக்குக் கொடுத்தாலும் அதன்மேல் குறுக்காக இரண்டு கோடு போட்டு, நடுவில் எதற்காகக் கொடுக்கிறோம் என்று எழுதச் சொல்லுங்கள். நான் யாருக்கு நகல் எடுத்தாலும் கேட்காமலே போட்டுக் கொடுத்துவிடுவேன்.

பத்திரிகை விஷயம். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றபோது நான் ஒரு நாள் கடையைத் திறக்கவில்லை. மலேசிய நண்பனும் மக்கள் ஓசையும் இன்னும் வருகின்றன, வாங்குகிறேன். நம் தமிழ்ப் பத்திரிகைகளின் நினைவஞ்சலிப் பக்கத்தைச் சிலர் குறைவாகப் பேசுவார்கள். பாஸ்போர்ட் அளவுப் படத்தோடு ஒரு தோட்டத்துப் பாட்டியின் பேர், அவர் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பேர் எல்லாம் அச்சில் வருகிற இடம் இந்த நாட்டில் வேறு எங்கே இருக்கிறது? சிதறிப்போன தோட்டக் குடும்பங்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடிப்பது அந்தப் பக்கத்தில்தான். என் அம்மாவின் சிநேகிதி இருக்கும் இடம் எங்களுக்குத் தெரிந்ததே அப்படித்தான்.

ஆனால் முன்பக்கம் முழுக்கத் தலைவர் அறிக்கை, சங்கத்துக்குள் சண்டை, சினிமா என்று இருப்பது எனக்கு உடன்பாடு இல்லை. ஓர் உதாரணம். 2022 டிசம்பர் 1 முதல் இல்லத்தரசிகளுக்குச் சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்பு இருக்கிறது. 55 வயதுக்கு உட்பட்ட பெண்கள் ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டினால் போதும், வீட்டு வேலையில் விபத்து என்றால் உதவி உண்டு. எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து கையைச் சுட்டுக்கொண்ட ஒரு தங்கச்சி என் கடைக்கு வந்தபோது கேட்டேன், அவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவர் வீட்டுக்காரருக்குச் சென்னையில் எந்த அமைச்சர் நேற்று என்ன சொன்னார் என்பது தெரியும். யூடியூப்பில் ஓடுகிறது, கேட்கிறார். நம் ஊர் நகராண்மைக் கழக உறுப்பினர் பேர் கேட்டேன், தெரியவில்லை. தமிழ்நாட்டுச் செய்தி பார்ப்பது தப்பில்லை, அது நம் மொழி, நம் சொந்தம். ஆனால் நம் வீட்டுக் கால்வாய் அடைத்தால் சென்னைக் கோட்டைக்கா போன் போட முடியும்? நம் பத்திரிகைகளும் இணையத் தளங்களும் வாரம் ஒரு பக்கம் இந்த விண்ணப்பப் பாரங்களையும் தேதிகளையும் சுத்தமான தமிழில் விளக்கட்டும். சந்தாவை இரண்டு மடங்கு கொடுக்க நான் தயார்.

அரசியலில் யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எப்படி ஓட்டுப் போட்டோம் என்று சொல்கிறேன். 1959 முதல் 1974 வரை எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் சம்பந்தன், 1974 முதல் 2008 வரை டத்தோ ஸ்ரீ சாமிவேலு. அரை நூற்றாண்டில் இரண்டே பேர். நாடாளுமன்ற உறுப்பினர் என்றால் பெரிய வீட்டுக்காரர், போய்க் கையேந்தினால் சிபாரிசுக் கடிதம் கொடுப்பார் என்பது எங்கள் எலும்பில் ஊறிவிட்டது. 2008 மார்ச்சில் ஊர் மாற்றிப் போட்டது, மருத்துவர் ஜெயக்குமார் வந்தார். 2018-லும் 2022-லும் கேசவன். கட்சிகள் மாறின. கடிதத்துக்கு வரிசையில் நிற்கிற பழக்கம் மாறவில்லை. உரிமையாக வரவேண்டியதைக்கூட உதவியாகக் கேட்கிறோம். என் கடையில் மனு எழுதித் தரச் சொல்கிறவர்கள் "தயவுசெய்து கருணை கூர்ந்து" என்று தொடங்கச் சொல்வார்கள். அந்த வரியை நான் எழுதுவதில்லை. இன்ன சட்டப்படி, இன்ன தேதியில் விண்ணப்பித்தேன், இன்னும் பதில் இல்லை, எழுத்து மூலம் பதில் வேண்டும் என்று எழுதிக் கொடுப்பேன். அப்படி எழுதினால் பதில் வருகிறது தம்பி, நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. குப்பை, கால்வாய், தெருவிளக்கு, கடை லைசென்ஸ் எல்லாம் ஊராட்சி மன்றத்தின் கையில். அந்த மன்றத்துக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை. 1965-இல் இந்தோனேசிய மோதல் காலத்தில் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள், 1976 சட்டம் நியமன முறையை நிலையாக்கிவிட்டது. இன்றும் உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. அன்றாட வாழ்க்கைக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற அதிகாரம் நம் ஓட்டுக்கு மிகத் தூரத்தில் இருக்கிறது. எந்தக் கட்சிக்காரர் வந்து கும்பிட்டாலும் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: உள்ளாட்சித் தேர்தலை எப்போது கொண்டு வருவீர்கள்?

நீங்களும் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது ஆனவர்கள் தானாகவே வாக்காளர் ஆகிறார்கள், அடையாள அட்டை முகவரிப்படி தொகுதி அமைகிறது. என் கண்ணாடித் தட்டில் வாரத்துக்கு இரண்டு மூன்று அட்டையாவது இடித்துப்போட்ட லயத்தின் முகவரியோடு வருகிறது. வீட்டு எண், லயத்தின் எண், தோட்டத்தின் பேர் எல்லாம் அச்சு அசலாக இருக்கும், அந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. அட்டைக்காரர் ஷா ஆலாமில் தொழிற்சாலையில் இருப்பார். அரசாங்கக் கடிதம் எல்லாம் அந்தச் செம்பனைக்குத்தான் போகும். தேசியப் பதிவிலாகாவில் முகவரியை மாற்றிவிடுங்கள், அப்பாவுக்கும் சேர்த்து.

கடைசியாக, எனக்கு உறுத்துகிற ஒன்று. 2020-இலிருந்து 2022 வரை, கொரோனா காலத்தில், ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க நான்கு திட்டம் வந்தது. நாடு முழுக்க எடுத்தது 14,500 கோடி வெள்ளி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தது நான்தான். வீட்டில் அரிசி இல்லாதவர்கள் எடுத்தார்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் தேவை இல்லாமலும் "எல்லாரும் எடுக்கிறாங்க" என்று எடுத்தவர்கள் உண்டு. வேலை ஓய்வுக்கு எட்டு வருடம் இருந்த ஓர் அண்ணன் கணக்கில் கடைசியில் சில நூறு வெள்ளிதான் மிஞ்சியது. திரையில் அந்தத் தொகையைப் பார்த்தும் நான் பொத்தானை அழுத்தினேன். உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசியிருக்க வேண்டும். பெரியப்பா இருந்திருந்தால் அந்தப் பத்தியில் நிறுத்தியிருப்பார்.

அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு முன்னால் நாற்காலி போட ஆரம்பித்தேன். பத்து மணிக்கு இரண்டு பத்திரிகை, ஒரு பிளாஸ்க் கோப்பி, பசியாற வடை. ஏழெட்டுப் பேர் வருவார்கள், சில வாரம் பதினைந்து பேர். நான் சத்தமாகப் படிப்பேன். அவரவர் போனில் வந்ததையும் எடுத்துக் காட்டலாம், இது உண்மையா என்று எல்லாருமாகப் பார்ப்போம். சிவப்பு அட்டை அக்கா முதல் நாற்காலியில் இருப்பார், அவருடைய குடியுரிமை மனுவுக்கு இப்போது மூன்று பேர் சேர்ந்து தாள் தேடுகிறோம். அவர் பிறந்த தோட்டத்தின் பழைய பள்ளிப் பதிவேட்டில் அவர் பேர் கிடைத்திருக்கிறது.

அப்பாவை இந்த ஞாயிறு வரச் சொல்லுங்கள். மார்க்கெட் பக்கம், பஸ் நிறுத்தத்துக்கு எதிர்வரிசை. போன், அடையாள அட்டை, அந்த 400 வெள்ளி போனபோது வந்த குறுஞ்செய்தி மூன்றும் வேண்டும், எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கண்ணாடியை மறந்துவிட்டு வருவார், அதையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.